புழு தின்னாத மிச்சம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒகோயி என்றொரு சிறு நகரம். அங்குள்ள சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2001இல் வெளியாயின. நிலையத்தில் சேர்ந்த கசடை இரண்டு நீள் குவியல்களாக இட்டார்கள். இரண்டிலும் மலக் கோலிஃபார்ம், சால்மொனெல்லா, குடல் வைரஸ்கள், குடற்புழு முட்டைகள் என நான்கு வகைக் கிருமிகளை வேண்டுமென்றே கலந்தார்கள். ஒரு குவியலில் ‘ஐசீனியா ஃபெடிடா’ என்னும் சிவப்பு மண்புழுவை விட்டார்கள். மற்றதில் புழு கிடையாது. ஆறு நாள், அதாவது 144 மணி நேரம் வரை மாதிரி எடுத்து எண்ணினார்கள்.

கிருமிக் கணக்கை விஞ்ஞானிகள் மடக்கையில் சொல்வார்கள். புழு இருந்த குவியலில் மலக் கோலிஃபார்ம் 6.4 மடக்கை அளவு குறைந்தது. புழு இல்லாததில் 1.6. வெறும் எண்ணாக மாற்றினால், ஒரு கோடி கிருமி இருந்த இடத்தில் புழுக் குவியலில் மிஞ்சியது நான்கு. புழு இல்லாத குவியலில் இரண்டரை லட்சம். சால்மொனெல்லா 8.6, எதிரே 4.9. வைரஸ் 4.6, எதிரே 1.8. குடற்புழு முட்டையில்தான் வேகம் தணிகிறது: 1.9, எதிரே 0.6. நூறு முட்டையில் ஒன்றிரண்டு பிழைத்தன என்று பொருள். புழு இல்லாத இடத்திலும் கிருமிகள் குறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வெறுமனே கிடந்தாலே கசடில் கிருமிகள் ஓரளவு சாகும். புழு செய்த வேலை என்பது இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான்.

மண்புழு கழிவைத் தூய்மைப்படுத்தும் என்று பேசுகிறவர்கள் அடிக்கடி காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று. அவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒரு விவரம் இருக்கிறது. ஒகோயியில் ஒன்றரைப் பங்கு கசடுக்கு ஒரு பங்கு எடை புழு விட்டார்கள். பதினைந்து டன் கசடு என்றால் பத்து டன் உயிர்ப் புழு. நம் ஊர் உரக்கூடம் எதிலும் அப்படி ஒரு விகிதத்தை நினைத்தும் பார்க்க முடியாது. சோதனை பொய் என்று சொல்ல வரவில்லை. புழு என்ன செய்யவல்லது என்பதன் உச்சத்தை அது காட்டுகிறது. ஒரு பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவில், நாலு தொட்டியும் சில கிலோ புழுவும் வைத்துக்கொண்டு அதே முடிவை எதிர்பார்க்க முடியாது என்பதுதான் விஷயம்.

கிருமியைக் கொல்ல மனிதன் நெடுங்காலமாக நம்பி வந்த வழி வெப்பம். கசடைக் காற்றோட்டத்தோடு மட்க வைத்தால் குவியலின் நடுப்பகுதி தானாகவே சூடேறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1993ஆம் ஆண்டு விதிகள், நீள் குவியல் முறையில் 55 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்கின்றன. அந்தச் சூட்டில் எந்த மண்புழுவும் பிழைக்காது. ஐசீனியாவுக்கு 15 முதல் 20 டிகிரி உகந்தது. 30ஐத் தாண்டினால் திணறும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் தொட்டி வைத்தவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பலர் ஐசீனியாவை விட்டு, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் ‘யூட்ரிலஸ்’ எனும் ஆப்பிரிக்கப் புழுவையும் ‘பெரியோனிக்ஸ்’ எனும் நம் மண்ணின் புழுவையும் வளர்ப்பதற்கு இது ஒரு காரணம். வெளியிலிருந்து புழு எதற்கு, உள்ளூர்ப் புழுவே போதும் என்று சென்னை நியூ காலேஜின் உயிரியல் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகள் வாதாடியதும் நினைவில் இருக்கலாம்.

சூடும் வேண்டும், புழுவும் வேண்டும் என்றால் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது ஒன்றே வழி. முதலில் சில வாரம் குவித்துச் சூடேற்றி மட்க வைத்து, ஆறிய பிறகு புழுவை விடுவது. நோய்க்கிருமி உள்ள கழிவுக்கு இந்த முன்மட்கல் கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். நேரடியாகப் புழுவிடம் கொடுத்து, ஒகோயி எண்களைக் காட்டி, காய்கறித் தோட்டத்துக்கு எடுத்துப் போவது துணிச்சல்.

புழுவின் உடலுக்குள் என்ன நடக்கிறது? மண்புழுவுக்குப் பல் இல்லை. வாய்வழி போன கழிவு, மணல் துகள்களோடு சேர்ந்து தசையாலான அரைவைப்பையில் நொறுங்குகிறது. பிறகு நீண்ட குடல். அங்கே செரிமான நொதிகளும் ஏராளமான நுண்ணுயிர்களும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த நோய்க்கிருமி அந்தக் கூட்டத்தோடு இரைக்குப் போட்டி போட வேண்டும்; பெரும்பாலும் தோற்கும். ஐசீனியாவின் உடற்குழி நீரில் பாக்டீரியாவைத் தாக்கும் புரதங்கள் இருப்பதும் தெரிய வந்திருக்கிறது. சீண்டினால் அது அந்த நீரை வெளியே கக்கும். அதன் பெயரிலுள்ள ‘ஃபெடிடா’ அந்த நீரின் நாற்றத்தைச் சுட்டியது. இவற்றோடு புழு துளைத்துக்கொண்டே போவதால் கசடுக்குள் காற்று நுழைகிறது. காற்றில்லாத இடத்தில் செழிக்கும் கிருமிகளுக்கு அதுவே கேடு. குடற்புழு முட்டைக்கோ தடித்த ஓடு. அரைவையையும் நொதியையும் பெருமளவு தாங்கிவிடுகிறது. வெறும் 1.9 என்ற எண்ணுக்கு அதுதான் காரணம்.

மண்புழுவுக்கு ‘உழவனின் நண்பன்’ என்ற பெயர் வந்து நெடுநாளாயிற்று. டார்வின் தம் கடைசி நூலை, புழுக்கள் மேல்மண்ணை உருவாக்குவதைப் பற்றி, 1881இல் வெளியிட்டார். பத்தாண்டு கழித்து அச்சேறிய சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் நடராஜன் நாங்கூழ்ப் புழுவை, அதாவது மண்புழுவைப் பார்த்துப் பேசும் பகுதி தமிழ் படித்த பலருக்கும் தெரியும். டார்வினின் தாக்கம் அதில் உண்டா என்பது தனி ஆராய்ச்சி. இந்த நற்பெயர் ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. புழு தொட்டதெல்லாம் சுத்தம் என்ற நம்பிக்கை, எந்த அசுத்தம் என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது.

அதே ஐசீனியா, உலகெங்கும் ஆய்வகங்களில் நஞ்சை அளக்கும் கருவியாகவும் இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 1984இல் வகுத்த 207ஆம் எண் சோதனையில், ஒரு பூச்சிக்கொல்லி கலந்த செயற்கை மண்ணில் புழுக்களை விட்டு 14 நாளில் எத்தனை செத்தன என்று பார்ப்பார்கள். இன்னொன்று தவிர்ப்புச் சோதனை. ஒரு பெட்டியை நடுவில் தடுத்து, ஒரு பாதியில் நல்ல மண், மறு பாதியில் சந்தேகத்துக்குரிய மண். நடுவில் புழுக்களை வைத்துத் தடுப்பை எடுத்துவிட்டால், 48 மணி நேரத்தில் அவை தங்களுக்குப் பிடித்த பக்கம் போய்விடும். சந்தேக மண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான புழுவே இருந்தால், அது உயிர் வாழத் தகுதி குறைந்த மண் என்று கணக்கு. உரக்கூடம் நடத்துகிறவர்கள் வந்து இறங்கும் கழிவை இந்த முறையில், பெரிய செலவில்லாமல், ஒரு தட்டில் சோதித்துப் பார்க்கலாம். அமோனியா, உப்பு, மிகை காரம் ஆகியவற்றைப் புழு உடனே காட்டிக்கொடுக்கும். ஒரு கிராம் கழிவில் அரை மில்லிகிராம் அமோனியாவைத் தாண்டினாலோ உப்பு அரை சதவீதத்தைத் தாண்டினாலோ ஐசீனியா தாங்காது. ஆனால் புழு ஓடவில்லை என்பதைத் தூய்மைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நஞ்சுகளின் நடுவே அது சாதாரணமாக மேயும். உலோகங்கள் பலவும் அந்த வகை.

உலோகம் என்று வந்தால் பிரச்சினையின் தன்மையே மாறுகிறது. கிருமியைக் கொல்லலாம். எண்ணெய், பூச்சிக்கொல்லி போன்ற கரிமச் சேர்மங்களை நுண்ணுயிர்கள் உடைத்துக் கரியமில வாயுவும் நீருமாக்கலாம்; புழு காற்றையும் நுண்ணுயிர்களையும் பரப்பி அந்த வேலையை விரைவாக்கும். காட்மியமும் ஈயமும் குரோமியமும் தனிமங்கள். அவற்றை உடைக்க எந்தக் குடலாலும் ஆகாது. இடம் மாற்றலாம், கட்டி வைக்கலாம், அவ்வளவே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ உலர் கழிவு; கிலோவுக்கு 40 மில்லிகிராம் குரோமியம். மொத்தம் 40 கிராம். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆக, கழிவு தேறிவிட்டது. இப்போது புழு வேலையைத் தொடங்குகிறது. இரண்டு மாதத்தில் கரிமப் பொருளில் ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலந்து, 1,000 கிலோ 600 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குரோமியம் எங்கும் போகவில்லை. 40 கிராமை 600 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 67 மில்லிகிராம். உள்ளே போனபோது தேறிய கழிவு, உரமாக வெளியே வரும்போது தோற்றுவிட்டது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பது போலத்தான். புழு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு உலோகம் செறிகிறது.

புழு தன் உடலுக்குள் உலோகத்தை இழுத்துக்கொள்ளாதா? இழுத்துக்கொள்ளும். குடலைச் சுற்றியுள்ள மஞ்சள் நிறத் திசுவில் ஈயத்தை கால்சியம், பாஸ்பேட் மணிகளுக்குள் பூட்டி வைக்கும். காட்மியத்தை மெட்டலோதயோனீன் என்ற புரதத்தோடு கட்டும். காட்மியத்தில் சுற்றியுள்ள மண்ணைப் போலப் பத்து மடங்கு செறிவைக்கூடப் புழு உடலில் காணலாம். பத்து மடங்கு என்றதும் பிரமிப்பாக இருக்கும். எடையைச் சேர்த்துப் பார்த்தால் பிரமிப்பு போய்விடும். முன்பு சொன்ன ஒரு டன் கழிவில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் என்று கொண்டால் மொத்தம் 5 கிராம். அதில் 50 கிலோ உயிர்ப் புழு இருந்தாலும் நீர் போக உலர் எடை 10 கிலோதான். பத்து மடங்கு செறிவில் அது பிடித்து வைப்பது அரை கிராம். மீதி நாலரை கிராம் 600 கிலோ உரத்தில், கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். ஆணையின் காட்மிய வரம்பு 5. குரோமியத்தையோ புழு அந்த அளவுக்குக்கூடச் சேர்ப்பதில்லை.

இந்தக் கணக்கோடு பாலாற்றங்கரைக்குப் போகலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை: எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். ஆயிரம் கிலோ பச்சைத் தோலிலிருந்து கிடைக்கும் பதப்பட்ட தோல் ஏறக்குறைய இருநூறு கிலோ. மற்றது ஏதோ ஒரு வடிவில் கழிவு. குரோம் பதனிடலில் தோல் உறிஞ்சுவது இட்ட குரோமியத்தில் அறுபது, எழுபது சதவீதம். மிச்சம் கழிவுநீரோடு போய், பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கசடாகப் படிகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதிப்படுத்தியது. நிலையங்கள் வந்தன, நீர் ஓரளவு தெளிந்தது, கசடு குவிந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்ததில் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கசடை எங்கே வைப்பது என்பது இந்த ஊர்களில் ஏட்டுப் பிரச்சினை அல்ல.

இந்தக் கசடில் குரோமியம் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் அளவில் இருக்கும். மண்புழுவால் இதை உரமாக்கலாம் என்று ஆய்விதழ்களில் கட்டுரைகள் உண்டு. அவற்றின் செய்முறைப் பகுதியை நிதானமாகப் படித்தால் ஒரு பொது அம்சம் கண்ணில் படும்: சாணம். கசடு மட்டும் கொடுத்தால் புழு செத்துவிடும், அல்லது பெருகாது. எனவே பாதிக்கு மேல், சில சமயம் முக்கால் பங்கு, மாட்டுச் சாணம் கலப்பார்கள். ஜவுளி ஆலைக் கசடில் நடந்த ஆய்வுகளிலும் இதே கதைதான். சாணம் புழுவுக்கு உணவு என்பது சரி. அதோடு அது உலோகத்தின் செறிவையும் நீர்க்கச் செய்கிறது. முடிவுரையில் ‘உலோக அளவு குறைந்தது’ என்று வரும்போது அதில் எவ்வளவு புழுவின் சாதனை, எவ்வளவு சாணத்தின் உபயம் என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் குரோமியம் உள்ள கசடை 50க்குக் கொண்டுவர ஒரு பங்குக்கு 99 பங்கு சாணம் வேண்டும். புழு தின்று சுண்டிய பிறகு அதுவும் போதாது. இத்தனை சாணம் எந்த ஊரில் இருக்கிறது? இருந்தாலும், நல்ல சாணத்தை எதற்காக இப்படி வீணாக்குவது?

நியாயமான ஓர் எதிர்வாதம் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மும்மதிப்பு குரோமியம். அது மண்ணில் அசையாமல் கிடக்கும், செடி அதை அதிகம் உறிஞ்சாது. புற்றுநோய் உண்டாக்குவது அறுமதிப்பு குரோமியம். இரண்டையும் சேர்த்து மொத்தக் குரோமியத்துக்கு 50 என்று வரம்பு வைப்பது மிகை என்பார்கள். அமெரிக்காவில் இந்த வாதம் நீதிமன்றத்தில் வென்றது. அங்கே 1993 விதிகள் கசடில் குரோமியத்துக்கு 3,000 மில்லிகிராம் உச்சவரம்பு வைத்தன. தோல் தொழில் சங்கம் வழக்குப் போட்டது. 1994இல் தீர்ப்பு சங்கத்துக்குச் சாதகமாக வர, 1995இல் அந்த வரம்பே நீக்கப்பட்டது. மண்புழு உரம் குரோமியத்தைக் கரிமப் பொருளோடு பிணைத்து, செடிக்கு எட்டாமல் வைக்கிறது என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. எதிர்த்திசையில் முடிவு தரும் ஆய்வுகளும் இருக்கின்றன.

எனக்கு இந்த எதிர்வாதம் முழுத் திருப்தி தரவில்லை. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மும்மதிப்பு குரோமியம் அறுமதிப்பாக மாறக்கூடும் என்று பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இரு மண்ணியலாளர்கள் 1979இலேயே காட்டினார்கள். மாறுவது சிறு பங்குதான். ஆனால் பிணைத்து வைத்திருக்கும் கரிமப் பொருள், நம் வெப்பத்தில் ஆண்டுக்காண்டு சிதைந்துபோகும் பொருள். இன்று கட்டிய முடிச்சு இருபது ஆண்டு கழித்து அவிழாது என்று யார் உறுதி தருவது? இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு கிடந்த கதையைப் பார்த்தவர்கள் இந்தப் பந்தயத்தில் பணம் கட்டமாட்டார்கள். அந்தக் குவியலில் புழு தின்ன எதுவுமே கிடையாது என்பது வேறு.

தோல் தொழிலுக்குப் புழுவால் பயன் இல்லையா என்றால், இருக்கிறது; குரோம் தொட்டிக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, உட்புறச் சதையையும் ஜவ்வையும் எந்திரத்தில் வழித்தெடுப்பார்கள். இந்த வழிசலில் குரோமியம் இன்னும் சேரவில்லை. புரதமும் கொழுப்பும் நிறைந்தது, ஒரே நாளில் நாறத் தொடங்குவது, குப்பைமேட்டில் கொட்டினால் ஊரே மூக்கைப் பொத்துவது. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2000களின் பிற்பகுதியிலிருந்து இதைப் புழுவுக்குக் கொடுக்கும் வழியைத் தேடினார்கள். நேரே கொடுக்க முடியாது. சுண்ணாம்பால் அதன் கார அளவு (pH) 12ஐ நெருங்கும். ஐசீனியாவுக்கு 9தான் மேல் எல்லை. பச்சைத் தோலைப் பதப்படுத்த இட்ட உப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். புரதம் அழுகினால் அமோனியா. எனவே முதலில் நுண்ணுயிர் கொண்டு நொதிக்க வைத்து, பிறகு சாணத்தோடும் இலைதழையோடும் கலந்து, அதன் பிறகு புழு. கிடைத்த உரத்தில் தழைச்சத்து கணிசமாக இருந்தது. இங்கே சாணம் செய்வது உண்மையான வேலை: மிகையான தழைச்சத்துக்கு ஈடாகக் கரியைக் கொடுத்துச் சமன் செய்கிறது. மறைக்க உலோகம் எதுவும் அதில் இல்லை.

தொழிற்சாலைக்குள் ஒரே ஒரு ஒழுங்கு இதற்கு வேண்டும். குரோமுக்கு முந்தைய கழிவும் பிந்தைய கழிவும் ஒரே தள்ளுவண்டியில் ஏறக்கூடாது. பதனிட்ட தோலின் தடிமனைச் சரிசெய்யச் சீவும்போது விழும் நீலச் சீவல் கையில் பஞ்சு மாதிரி இருக்கும். பார்த்தால் மட்கும் பொருள் போலத் தோன்றும். அதில் குரோமியம் கிலோவுக்குப் பல்லாயிரம் மில்லிகிராம். ஒரு கூடை சீவல் கலந்தாலே ஒரு தொட்டி வழிசல் கெட்டுவிடும். பிரித்து வைக்க ஆளும் இடமும் தேவை. சின்னத் தொழிற்சாலைகளில் இரண்டுமே தட்டுப்பாடு.

நகரக் குப்பைக்கும் இதே நியாயம்தான் பொருந்தும். பிரித்து வாங்கிய காய்கறிக் கழிவில் உலோகம் அநேகமாகப் பிரச்சினையே இல்லை. பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் கலந்து வந்த குப்பையைச் சலித்து எடுத்த மட்கில் அது பிரச்சினை. பிளாஸ்டிக் துணுக்கையும் புழு தின்னும். அதன் குடல்வழி துணுக்குகள் மண்ணுக்குள் இன்னும் ஆழமாகப் போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒட்டாத பாத்திரப் பூச்சு முதலியவற்றிலிருந்து வரும் ஃபுளோரின் சேர்மங்கள் கரிமப் பொருளாக இருந்தும் எளிதில் உடைவதில்லை. அவற்றின் காரணமாகவே அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022இல் சாக்கடைக் கசடை நிலத்தில் இடுவதை முற்றாகத் தடை செய்தது.

மாசுபட்ட கழிவில் புழுவை விடுகிறவர்கள் தொட்டிக்கு அடியில் வடியும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். சாதாரணத் தொட்டியில் அதைப் பிடித்து வெர்மிவாஷ் என்று இலைமேல் தெளிப்பார்கள். கசடுத் தொட்டியின் வடிநீரில் கரைந்த உப்பும் உலோகமும் உயிருள்ள கிருமியும் இருக்கலாம். அதைத் திரும்பக் குவியலிலேயே ஊற்றுவதுதான் முறை. கடைசியாக, புழு. இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் தொட்டியில் புழு பெருகியிருக்கும். கோழிக்கும் மீன்பண்ணைக்கும் தூண்டிலுக்கும் அதை வாங்க ஆள் வருவார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை உரத்தை மட்டுமே பார்க்கும். புழுவின் உடலில் என்ன இருக்கிறது என்று அதில் வரம்பு கிடையாது. காட்மியம் உள்ள தொட்டியில் வளர்ந்த புழுவை விற்காமல் அடுத்த கசடுத் தொட்டிக்கே மாற்றிக்கொண்டிருக்கலாம். தொட்டியை மூடும் நாளில் அந்தப் புழுவையும் கசடோடு சேர்த்து அபாயகரக் கழிவாகவே கணக்கெழுதி அனுப்ப வேண்டியிருக்கும்.